வல்லாரைப் பாத்தி ஏன் கெடுகிறது? திருகோணமலை மண்ணுக்கும் நீருக்கும் ஏற்ற, அறிகுறிவாரியான பிழை நீக்கும் வழிமுறை

வல்லாரை ஈரநிலத்துச் செடி என்பது எல்லோருக்கும் தெரியும். அது தெரிந்திருப்பதாலேயே அதைக் கெடுப்பவர்களும் அதிகம். ஈரம் விரும்பும் கீரைதானே என்று பாத்தியைச் சுற்றி அணை கட்டி, கணுக்கால் அளவுக்குத் தண்ணீரை நிறுத்தி வைத்து, இரண்டு கிழமையில் இலை மஞ்சளானதும் பசளைக் கடைக்கு ஓடுகிறவர்களைப் பலமுறை கண்டிருக்கிறேன். இச்செடி தானாக வளரும் இடங்களில் ஒருமுறை குந்தியிருந்து பார்த்தால் அந்த ஓட்டம் தேவைப்படாது. தம்பலகாமத்து வயல் வரம்புகளின் சரிவில், கந்தளாய்க் குளத்து நீர் வரும் வாய்க்கால்களின் மதகுக்குக் கீழே கசிவு ஊறும் இடத்தில், மூதூர்ப் பக்கம் மகாவலி வண்டல் படிந்த தோட்டங்களின் கிணற்றடியில், குளக்கட்டின் அடிவாரத்தில் என்று அது படர்ந்திருக்கும் இடங்கள் எல்லாவற்றிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு: மண் எப்போதும் நனைந்திருக்கும், ஆனால் தண்ணீர் தேங்கியிருக்காது. வல்லாரை சேற்றுக்குள் இறங்குவது குறைவு; சேற்றின் ஓரத்தில்தான் ஊரும்.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு பாத்தியை முழுதாகச் சாகக் கொடுத்த பிறகுதான். எங்கள் வீடு உப்புவெளியில், கடலிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. தம்பலகாமத்தில் இருக்கும் பெரியம்மாவின் வாய்க்கால் ஓரத்திலிருந்து வல்லாரையை மண்ணோடு பெயர்த்து, ஈரச்சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து, அந்த மண்ணையும் சேர்த்தே நட்டேன். மூன்று கிழமையில் இலைகளின் ஓரம் தீப்பட்ட கடதாசி போலச் சுருண்டது. மறுமுறை போனபோது பெரியம்மா கேட்டது இதுதான்: "மண்ணை அள்ளிக்கொண்டு போனாக் காணுமே பிள்ளை? தண்ணியை இஞ்சயே விட்டிட்டுப் போயிட்டியே."

ஆகவே கீழே வரும் எந்த அறிகுறிக்கும் முதற்கேள்வி தண்ணீரைப் பற்றியதாகவே இருக்கும்: அது எங்கிருந்து வருகிறது, நிற்கிறதா நகர்கிறதா, அதில் என்ன கரைந்திருக்கிறது. அதன் பிறகு வெயில், மண், பூச்சி ஆகியவற்றைப் பார்க்கலாம். பசளையைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

இலையின் ஓரம் பழுப்பாகிக் கருகுகிறது

திருகோணமலையின் கரையோரத்தில் அதிகம் காணப்படும் அறிகுறி இதுவே. இதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள்தாம் உண்டு. ஒன்று கிணற்று நீரின் உப்பு. மற்றது கச்சான் காற்று. இரண்டும் ஒரே மாதங்களில், அதாவது வைகாசி தொடக்கம் ஆவணி வரையிலான வறண்ட காலத்தில் உச்சம் பெறுவதால் ஒன்றை மற்றதாக எண்ணி மயங்குவது எளிது.

பிரித்தறிய, பாத்தியின் நான்கு பக்கங்களிலிருந்தும் இரண்டிரண்டு இலைகளைக் கிள்ளி வெள்ளைத் தாளில் வையுங்கள். காற்று வரும் மேற்குப் பக்கத்து இலைகள் மட்டும் கருகி, சுவரோ வேலியோ மறைக்கும் பக்கத்து இலைகள் நலமாக இருந்தால் குற்றவாளி கச்சான். தென்மேல் பருவக்காற்று மலைநாட்டில் தன் மழையைக் கொட்டித் தீர்த்துவிட்டு, வறண்டு, சூடேறி எங்கள் பக்கம் வந்து இறங்குகிறது. வல்லாரையின் மெல்லிய இலை, வேர் உறிஞ்சித் தரும் வேகத்தைவிட விரைவாக நீரை இழந்து ஓரத்திலிருந்து காயத் தொடங்குகிறது. இதற்கு மருந்து தடுப்புத்தான்: மேற்குப் பக்கத்தில் கிடுகு (பின்னிய தென்னோலை) மறைப்பு ஒன்றை முழங்கால் உயரத்துக்குக் கட்டினாலே போதும், ஏனெனில் செடி நிலத்தோடு ஒட்டி வளர்வது. மாலையில் மட்டும் நீர் விடுபவர்கள் இந்த மாதங்களில் காலையிலும் ஒருமுறை விட வேண்டும்.

எல்லாப் பக்கத்திலும் முதிர்ந்த இலைகள் முதலில் கருகி, குருத்து மட்டும் ஓரளவு பச்சையாக இருந்தால் உப்பைச் சந்தேகியுங்கள். வேர் வழியே ஏறும் உப்பு, நீர் ஆவியாகும் இலை விளிம்பில் சேர்ந்துகொண்டே போகும். அதிக நாள் இருந்த இலையில்தான் அதிகம் சேர்ந்திருக்கும். சாடியில் வளர்ப்பவர்கள் சாடியின் வெளிப்புறத்தையும் மண்ணின் மேற்பரப்பையும் பாருங்கள்; விரலால் தேய்த்தால் மாவு போல வரும் வெண்படிவு இருந்தால் ஐயம் பாதி தீர்ந்தது. கிணற்று நீரை நாக்கில் வைத்துப் பார்ப்பதும் ஒரு சோதனைதான், ஆனால் அது முழுமையானதன்று. லீற்றருக்கு 250 மில்லிகிராம் அளவில் குளோரைட்டு வந்த பிறகுதான் பெரும்பாலான நாக்குகளுக்கு உப்பு தெரியும். மென்மையான கீரைக்கு அதற்கு முன்பே தொல்லை தொடங்கிவிடலாம். நீரில் உப்பு கூடக் கூட ஏறும் மின்கடத்துதிறனை அளக்கும் சிறு கருவி யாரிடமாவது இருந்தால் இரவல் வாங்குங்கள். உலக உணவு விவசாய நிறுவனத்தின் பாசன நீர் வழிகாட்டியின்படி, மீற்றருக்கு 0.7 டெசிசீமென்சுக்குக் கீழ் இருந்தால் கவலையில்லை, 0.7 முதல் 3 வரை கவனம் வேண்டும், 3க்கு மேல் போனால் அந்நீரைப் பயன்படுத்துவதில் கடுமையான கட்டுப்பாடு வேண்டும்.

இங்கே கிணற்றின் இயல்பைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிழை நீக்கம் பாத்தியில் தொடங்குவதில்லை. நிலாவெளி, உப்புவெளி, குச்சவெளி போன்ற மணற்கரைகளில் நிலத்தடி நன்னீர் என்பது மழைநீர் ஊறி உவர்நீரின் மேல் மிதக்கும் ஒரு மெல்லிய வில்லை. கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு மீற்றர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் வரை அது உவரைத் தள்ளி வைத்திருக்கும் என்பது நிலநீரியலின் பழைய கணக்கு. கணக்கைத் திருப்பிப் பார்த்தால்தான் அச்சம் புரியும்: மேலே நீங்கள் ஒரு சாண் இறைத்தால், கீழே உவர்நீர் அதைப்போல் பல மடங்கு உயர்ந்து வர முயலும். 2004 டிசம்பர் 26 கடற்கோளின் பின் கரையோரக் கிணறுகளைச் சுத்தமாக்குவதற்காகத் திரும்பத் திரும்ப இயந்திரம் வைத்து இறைத்தபோது, சில இடங்களில் உப்பு குறைவதற்குப் பதில் கூடியதற்குக் காரணம் இதுவே. மணலில் ஆழமில்லாத பூவல் தோண்டி, ஊறியதை மட்டும் சிரட்டையாலோ செம்பாலோ அள்ளிய முன்னோர் இந்தக் கணக்கை அறிந்திருக்கவில்லை. ஆயினும் வில்லையின் மேற்பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

ஆகவே செய்ய வேண்டியது இது. வல்லாரைக்கான நீரை, வீட்டுத் தொட்டியை நிரப்ப மோட்டர் ஓடிய பிறகு எடுக்காதீர்கள். கிணறு இரவெல்லாம் ஓய்ந்திருந்த விடியற்காலையில், வாளியால் மேல்நீரை அள்ளுங்கள். பாத்தி மணற்பாங்காக இருந்தால், சிறிது சிறிதாகத் தெளிப்பதை நிறுத்தி, கிழமைக்கு ஒருமுறை மண் முழுதும் கழுவப்பட்டு அடியால் வடியும் அளவுக்கு நிறையவே ஊற்றுங்கள். தெளிப்பு உப்பை மேலே விட்டுவிட்டுத் தான் ஆவியாகிப் போகும், பெருக்கு அதை வேருக்குக் கீழே கொண்டுபோகும். கோழி எருவை நிறுத்துங்கள், அதுவும் உப்பு மிகுந்தது. மாரியில் கூரைநீரை ஒரு தொட்டியில் பிடித்து வைத்தால், ஒரு சிறு பாத்திக்குச் சித்திரை வரையிலாவது தாக்குப்பிடிக்கலாம். இவற்றுக்குப் பிறகும் இலை கருகினால், அக்கிணறு கோடையில் வல்லாரைக்கு உரியதல்ல என்று ஏற்றுக்கொண்டு, ஐப்பசி மழையோடு நட்டு வறட்சிக்கு முன் அறுத்து முடிக்கும் பருவப்பயிராக அதை வைத்துக்கொள்வதே அறிவு. என் பாத்தி இப்போது அப்படித்தான் நடக்கிறது.

இலை மஞ்சளாகிறது

மஞ்சள் என்று சொன்னால் போதாது. எந்த இலை, எந்த வகையில் என்று சொல்ல வேண்டும். இங்கேதான் அதிகமான பணம் வீணாகிறது.

குருத்திலைகள் மஞ்சளாகி, நரம்புகள் மட்டும் பச்சைக் கோடுகளாகத் துலங்கினால் அது இரும்புக் குறை. மண்ணில் இரும்பு இல்லை என்பது இதன் பொருளன்று; இருப்பதைச் செடியால் எடுக்க முடியவில்லை என்பதே பொருள். புறாத்தீவின் பவளப்பாறைகளுக்கு எதிரே கிடக்கும் நிலாவெளிக் கரை மணலில் சிப்பித் துகளும் பவளத் துண்டும் கலந்திருக்கும். அந்தச் சுண்ணாம்பு மண்ணைக் காரமாக்கி இரும்பைக் கரையவிடாமல் பிடித்துவைக்கிறது. ஒரு மேசைக்கரண்டி உலர்ந்த மண்ணை வெள்ளைக் கோப்பையில் இட்டு அதன்மேல் வினாகிரி ஊற்றிக் காதருகே பிடியுங்கள். சுர்ரென்ற ஒலியும் நுண்குமிழும் எழுந்தால் சுண்ணாம்பு உறுதி. சீமெந்துத் தொட்டியில் நட்டவர்களுக்கும், கட்டட இடிபாடு கொட்டிய மூலையில் பாத்தி கட்டியவர்களுக்கும் இதே நிலைதான். இதற்கு யூரியா இட்டால் பயன் இல்லை. அடுப்புச் சாம்பலைக் கீரைக்குப் போடும் வழக்கம் நம் வீடுகளில் பலமாக உண்டு. சுண்ணாம்பு மண்ணில் அது எரிகிற வீட்டில் எண்ணெய் வார்ப்பதுதான். பாத்தியில் ஒரு சாண் ஆழத்துக்கு மணலை எடுத்துவிட்டு, வயல் மண்ணும் நன்கு உக்கிய கூட்டெருவும் தும்புச்சோறும் (தென்னந்தும்புத் தூள்) கலந்து நிரப்புவதே நிலையான தீர்வு. தும்புச்சோற்றைப் புதிதாக வாங்கியிருந்தால் அதை இரண்டு மூன்று முறை நன்னீரில் அலசிவிடுங்கள், ஏனெனில் அதிலும் உப்பு இருக்கும்.

அடியிலைகள் முழுதாக, நரம்பும் சேர்த்து வெளிறி, செடி முழுவதும் சோம்பிக் கிடந்தால் அது தழைச்சத்துக் குறை. அடிக்கடி அறுக்கப்படும் பாத்தியில் இது இயல்பே. கொடுக்காமல் எடுத்துக்கொண்டே இருந்தால் மண் என்ன செய்யும்? உக்கிய மாட்டெருவைத் தூளாக்கி, அறுத்த கையோடு விரற்கடை கனத்துக்குத் தூவி நீர் விட்டால் பத்துப் பன்னிரண்டு நாளில் நிறம் திரும்பும். பச்சைச் சாணத்தைக் கரைத்து ஊற்றாதீர்கள். வல்லாரையைப் பச்சையாகச் சம்பல் போட்டு உண்கிறோம் என்பதை மறந்தால், பாத்தியைக் காப்பாற்றி வயிற்றைக் கெடுத்துக்கொள்வோம். யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து இருப்பது உண்மைதான், ஆனால் நிலத்தோடு ஒட்டிய இந்த இலையில் அதன் பரல்கள் தங்கினால் இலை பொசுங்கும். மிகையானால் இலை பெரிதாகி மணம் குன்றும். நான் அதைப் பயன்படுத்துவதில்லை.

மூன்றாவது வகை மஞ்சள் திட்டுத்திட்டாக, பாத்தியின் தாழ்ந்த மூலையில் தொடங்கும். அங்கே இரண்டு விரலை மண்ணுக்குள் செலுத்தி எடுத்து முகருங்கள். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் மண்ணில் காற்று இல்லை. நுண்ணுயிர்கள் கந்தக வாயுவை உண்டாக்கிக்கொண்டிருக்கின்றன. ஒரு செடியைப் பிடுங்கினால் வெண்மையாக இருக்க வேண்டிய வேர் தேநீர் நிறத்தில் இருக்கும். பிடித்து இழுத்தால் மேல்தோல் உறை போலக் கழன்று நடுநார் மட்டும் கையில் வரும். மாரி மழை கொட்டும் கார்த்திகை மார்கழியில், களிமண் கலந்த கிண்ணியா, மூதூர்த் தோட்டங்களில் இது அதிகம். பாத்தியை நிலமட்டத்திலிருந்து அரை அடி உயர்த்தி, ஒரு பக்கம் சற்றே சாய்த்து, நீர் நுழைய ஒரு வாயும் வெளியேற ஒரு வாயும் வையுங்கள். வாய்க்கால் ஓரத்து வல்லாரை செழித்திருப்பதன் இரகசியம் அந்த இரண்டாவது வாய்தான். அழுகிய செடிகளைக் காப்பாற்ற முயல வேண்டாம். நலமான ஓடுதண்டுகளை வெட்டி மேட்டில் புதிதாக நட்டால் அவை விரைவாகவே முந்திக்கொள்ளும்.

காம்பு மட்டும் நீள்கிறது, அல்லது இலை சிறுத்துத் தடிக்கிறது

இவை ஒன்றின் இரு முகங்கள். மாமரத்தடியில், நாள் முழுதும் வெயில் புகாத இடத்தில் நட்ட வல்லாரை ஒளியைத் தேடிக் காம்பை நீட்டும், இலை அகன்று, மெலிந்து, வெளிர்பச்சையாகித் தலை சாயும், ஓடுதண்டுகள் குறையும். திறந்த வெளியில் நட்டதோ காம்பைக் குறுக்கி, இலையைத் தடிப்பாக்கி, காம்பிலும் விளிம்பிலும் செம்மை ஏறி நிலத்தோடு படிந்துவிடும். இரண்டாவது நோயன்று, செடி தன்னைக் காத்துக்கொள்ளும் முறை. ஆனால் அவ்விலை நாரும் கசப்பும் மிகுந்து சம்பலுக்கு உதவாது. பாதி வெயில் வடிகட்டப்படும் நிழலே சமையலுக்கு ஏற்ற இலையைத் தருகிறது: 50 சதவீத நிழல் வலை, அல்லது இடைவெளி விட்டுக் கட்டிய கிடுகு, அல்லது காலைவெயில் மட்டும் படும் கிழக்குச் சுவரோரம்.

ஒன்றைப் பிரித்தறியுங்கள். எத்தனை கவனித்தும் இலை பெருக்காமல், ஒரு ரூபாய்க் குற்றி அளவிலேயே நின்று, ஆனால் பச்சையும் செழிப்புமாக இருந்தால், உங்களிடம் உள்ளது வரம்பில் ஊரும் சிற்றிலை வகையாக இருக்கலாம். சந்தைக்குக் கட்டுக் கட்டாக வருவது நீண்ட காம்பும் பெரிய இலையும் உடைய வகை. சிற்றிலையை நிழலிலும் எருவிலும் பெரிதாக்கப் பார்ப்பது வீண்வேலை. மணத்தில் அது தாழ்ந்ததுமன்று.

ஓடுதண்டு ஓடுகிறது, வேர் விடவில்லை

கணுக்கள் ஈரமண்ணைத் தொடவில்லை. மூடாக்காகப் போட்ட சருகின் மேல் தண்டு மிதந்துகொண்டிருக்கும். சருகை விலக்கி, கணுவை மண்ணில் அழுத்தி, தென்னை ஈர்க்கை வளைத்துக் கொண்டை ஊசி போலக் குத்தி வையுங்கள். அல்லது ஒரு பிடி மண்ணை மேலே போடுங்கள். வேறொன்றும் வேண்டாம்.

நடுப்பகுதி செத்து, வளையமாக மட்டும் எஞ்சுகிறது

ஒரே பாத்தியை இரண்டு மூன்று ஆண்டுகள் அறுத்துக்கொண்டே வந்தால் தாய்ச்செடிகள் முதிர்ந்து, ஒன்றன்மேல் ஒன்று படர்ந்து நெருங்கி, நடுவில் காய்ந்த பின்னலாகிவிடும். செடி வெளியே ஓடி இளமையாக இருக்கிறது, நடுவில் கிழடாகிறது. பின்னலைக் கொத்தி எடுத்து, மண்ணைப் புரட்டி, எரு சேர்த்து, வளையத்து இளந்தண்டுகளை ஒரு சாணுக்கு ஒன்றாக நட்டால் இரண்டு மூன்று மாதத்தில் அறுக்கலாம்.

ஆனால் புதிய பாத்தியிலேயே இப்படித் திட்டு விழுந்து, நீர் விட்ட பின்னும் நண்பகலில் இலை துவண்டால், செடியைப் பெயர்த்து வேரை ஒரு வாளி நீரில் மெல்ல அலசிப் பாருங்கள். கடுகளவு, குரக்கன் அளவு முடிச்சுகள் வேரோடு சேர்ந்தே வீங்கியிருந்தால் அது வேர்முடிச்சு வட்டப்புழு. கத்தரி, தக்காளி, வெண்டி நின்ற இடத்தில் வல்லாரையை நட்டவர்களிடம் இதைப் பார்த்திருக்கிறேன். அந்த இடத்திலிருந்து ஓடுதண்டு எடுத்து வேறிடத்தில் நடாதீர்கள். புழுவையும் சேர்த்து நடுவீர்கள். எங்கள் கோடை பயிருக்குக் கொடியதாயினும் இவ்விடத்தில் உதவும்: மண்ணை நன்கு கொத்தி, நனைத்து, தெளிவான பொலித்தீன் விரிப்பால் மூடி, ஓரங்களில் மண் அணைத்து, ஆடி ஆவணி வெயிலில் ஐந்தாறு கிழமை விட்டுவிட்டால் மேல்மண்ணில் புழு பெருமளவு குறையும்.

இலையில் ஓட்டைகள்

பகலில் எத்தனை முறை பார்த்தாலும் ஆளைக் காண முடியாது. இரவு எட்டு மணிக்குப் பிறகு ரோச் விளக்கோடு போய்க் குனிந்து பாருங்கள். இலையில் வெள்ளி போல் மின்னும் கோடு தெரிந்தால் நத்தை. கரிய மணிபோன்ற எச்சம் கிடந்தால் புழு. புழுவைக் கையால் பொறுக்கினாலே போதும். ஒரு வீட்டுப் பாத்திக்கு மருந்தடிக்க வேண்டிய நிலை எனக்கு ஒருபோதும் வந்ததில்லை, பச்சையாக உண்ணும் இலைக்கு அதை யாரிடமும் சொல்லவும் மாட்டேன்.

நத்தை வேறு கதை. மாரியின் முதல் மழையோடு ஆபிரிக்க இராட்சத நத்தைகள் மதிலேறி வருகின்றன, ஒரே இரவில் ஒரு முழப் பாத்தியை மொட்டையாக்குகின்றன. நம்மவர் கை உடனே உப்புப் போத்தலுக்குப் போகும். நத்தை சாகும், உண்மை. ஆனால் அந்த உப்பு பாத்தியிலேயே கரைந்து, இக்கட்டுரையின் முதல் அறிகுறியை நீங்களே உண்டாக்கியதாகிவிடும். நத்தைகளைக் கையுறையோ பொலித்தீன் பையோ போட்டுப் பொறுக்கி, பாத்திக்குத் தொலைவில் உப்புநீர் வாளியில் இடுங்கள். ஈரச்சாக்கு ஒன்றை மாலையில் விரித்து வைத்தால் விடியுமுன் அதன் அடியில் கூடியிருக்கும், எடுப்பது எளிது. வெறுங்கையால் தொட வேண்டாம் என்பதற்குக் காரணம் அருவருப்பன்று. எலியின் நுரையீரலில் வாழும் ஒரு புழுவின் குஞ்சுகளை இந்த நத்தை தாங்கித் திரிகிறது. பச்சை இலையோடு சிறு நத்தை ஒன்று வயிற்றுக்குள் போனால் அப்புழு மூளையுறை அழற்சி வரை கொண்டுபோகக்கூடும். நத்தை வந்துபோன பாத்தியின் இலையை, அந்த அறுவடைக்காவது, சம்பல் போடாமல் வறையாகச் சமைத்து உண்ணுங்கள்.

இலையில் புள்ளிகள்

தொடர்மழையில், மண் தெறித்த அடியிலைகளில் பழுப்புப் புள்ளி விழுவது பூஞ்சணத்தால். புள்ளி விழுந்தவற்றைக் கிள்ளி அகற்றுங்கள், நெருக்கத்தைக் குறையுங்கள், மாலையில் இலைமேல் நீர் ஊற்றாதீர்கள். வெயில் திரும்பினால் புதிய இலை சுத்தமாக வரும்.

வெள்ளம் வடிந்த பிறகு

மகாவலி பெருகி வெருகல், ஈச்சிலம்பற்று, மூதூர்ப் பக்கங்களில் நீர் ஏறி இறங்கிய பின், மற்றக் கீரைகள் எல்லாம் அழுகிப்போக, வல்லாரை வண்டலைத் துளைத்துக்கொண்டு மீண்டும் தலைகாட்டும். அதைக் கண்டு மகிழ்ந்து உடனே அறுத்துவிடக் கூடாது. வெள்ளநீர் மலக்குழியையும் மாட்டுப் பட்டியையும் கழுவிக்கொண்டு வந்த நீர். இலைகளையெல்லாம் நிலத்தோடு அறுத்து எறிந்துவிட்டு, வண்டல் இரண்டு விரற்கடைக்கு மேல் படிந்திருந்தால் சுரண்டி எடுத்து, புதிய இலை வர விடுங்கள். அதையும் முதன்முறை சமைத்தே உண்ணுங்கள். பாத்தியில் இறங்கும்போது காலில் புண் இருந்தால் சப்பாத்து அணிந்துகொள்ளுங்கள், எலிக்காய்ச்சல் அந்த நாட்களில் வெள்ளநீர், ஈரமண் வழியாகத் தொற்றக்கூடும். கடல்நீர் ஏறிய பாத்தியாயின், நல்ல மழையில் மண் கழுவப்படும் வரை நடுவதையே தள்ளிப்போடுங்கள்.

எல்லாம் செழிப்பு, ஆனால் மணமே இல்லை

அப்படியாயின் நீங்கள் வளர்ப்பது வல்லாரையே அல்லாமல் இருக்கலாம். ஓர் இலையைத் திருப்பி, காம்பு எங்கே சேர்கிறது என்று பாருங்கள். வல்லாரை இலை சிறுநீரக வடிவில், அடியில் ஒரு பிளவோடு இருக்கும். காம்பு அந்தப் பிளவில் சேரும். காம்பு வட்ட இலையின் நடுவில், குடைக்கம்பி போல் சேர்ந்திருந்தால் அது அழகுக்காகச் சாடிகளிலும் மீன்தொட்டிகளிலும் வளர்க்கப்படும் வேறொரு செடி. இந்தக் குழப்பத்துக்கு ஒரு வரலாறும் உண்டு: 1753இல் லின்னேயசு என்ற சுவீடன் தாவரவியலாளர் வல்லாரையை இந்தக் குடையிலைச் செடிகளின் பேரினமான ஹைட்ரோகொட்டைலில்தான் சேர்த்திருந்தார், 1879இல் ஊர்பான் என்ற செருமானியத் தாவரவியலாளர் அதைச் செண்டெல்லா என்ற வேறு பேரினத்துக்கு மாற்றினார். பூவையும் பாருங்கள். வல்லாரையின் பூ இலைகளுக்கு அடியில், நிலத்தோடு, வெளிர் சிவப்பாக மூன்று நான்காகக் கூடி, தேடினால்தான் தெரியும். மஞ்சள் பூ எழுந்தால் அது எலிச்செவிக் கீரை.

பிரமி என்ற பெயரால் வேறொரு மயக்கம் வருகிறது. வட இந்தியாவில் அப்பெயர் வல்லாரைக்கும் வழங்குகிறது. நம்மிடம் நீர்ப்பிரமி என்பது தடித்த சிறு நீள் இலையும், வெண்மை அல்லது இளநீலப் பூவும் உடைய வேறு செடி. உவர் கலந்த ஈரநிலத்தையும் அது ஓரளவு தாங்கும் என்பதால், வல்லாரை கருகிய கரையோரப் பாத்தியில் அது பிழைக்கக்கூடும். அதற்காக ஒன்றை மற்றதற்கு மாற்றாகக் கொள்ள வேண்டாம். மருந்துக்காக வளர்ப்பவர்கள் ஒரு கொத்தைச் சித்த வைத்தியரிடம் காட்டி உறுதிசெய்துகொள்ளுங்கள். கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் கற்பிக்கப்படுவதால், செடியை இனங்காணத் தெரிந்தவர்களுக்கு இவ்வூரில் பஞ்சமில்லை.

சம்பல் கசக்கிறது, அல்லது பல்லில் மண் கடிபடுகிறது

கசப்புக்கு வெயில் ஒரு காரணம் என்று மேலே சொன்னேன், முதிர்ச்சி மற்றது. முதல் அறுவடைக்குப் பின் நான்கு முதல் ஆறு கிழமைக்கு ஒருமுறை அறுத்துவந்தால் இலை இளசாக இருக்கும். அரிந்து வைத்துக் காத்திருப்பதும் கசப்பைக் கூட்டும்: தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், விரும்பினால் மாசிக் கருவாடு எல்லாம் தயாரான பிறகே இலையை அரிந்து, உப்பும் தேசிக்காய்ப் புளியும் கடைசியில் விட்டுப் பிசையுங்கள்.

மண் கடிபடுவதற்குக் காரணம் இலையன்று, காம்பின் அடி. அங்கே காம்பு உறைபோல் விரிந்து தண்டைத் தழுவியிருக்கும். அந்த மடிப்புக்குள் மணல் ஒளிந்திருக்கும். கட்டை அவிழ்க்காமல் நீரில் அமிழ்த்தி எடுப்பதால் அது போகாது. கட்டை அவிழ்த்து, அடியை ஒரு விரற்கடை வெட்டி எறிந்துவிட்டு, அகன்ற பாத்திரத்தில் மூன்று முறை நீர் மாற்றி, ஒவ்வொரு முறையும் இலையை மேலால் அள்ளி எடுங்கள். பாத்திரத்தைச் சரித்து வடித்தால் அடியில் படிந்த மணல் திரும்பவும் இலையில் ஏறும். வெட்டி எறியப் போகும் அந்த அடிகளில், வேரோடு கூடிய கணு உள்ளவற்றை மட்டும் பொறுக்கி ஒரு கோப்பை நன்னீரில் நிறுத்தி வையுங்கள். ஒரு கிழமையில் வெள்ளை வேர் தெரிந்ததும் பாத்தியின் வெற்றிடங்களில் நடலாம்.